முந்நூறாவது ஆட்டம்

தேக்வோனின் கறுப்புக் கோட்டுக் கையில் சணல் பட்டியைக் குத்திவிட்டாள் அக்கா மிர்யோங். இரண்டு கோடு போட்ட அந்தப் பட்டி, துக்கத்துக்குத் தலைமை தாங்கும் மகனுக்கு உரியது. குன்சான் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து அஞ்சலிக் கூடத்தில், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

தாய்மாமா காரமான மாட்டிறைச்சி சூப்பை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார். "ஒரே ஆம்பளப் புள்ள. பெத்தவ கண்ண மூடறப்ப பக்கத்துல இல்ல. பந்து உதைக்கறதெல்லாம் ஒரு பொழப்பாடா?"

"மேட்ச் அன்னிக்கு அவன் போனையே தொடமாட்டான் மாமா. பதினாலு வருஷமா அப்படித்தான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மிர்யோங்.

மாமா சமாதானமாகிவிட்டார். ஊரே அறிந்த விஷயம் அது. தடுப்பாட்டக்காரன் தேக்வோன் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவான், மதுவைத் தொடமாட்டான், ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கியதில்லை. தொடர்ந்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆட்டம் விளையாடியிருந்தான். நேற்று மதியம் முந்நூறாவது.

நேற்றுத்தான் வழக்கத்தை மீறிக் கழிவறையில் போனைத் திறந்தான். 'அம்மா உன்னையே கேக்குறாங்க, உடனே வா' என்று அக்கா அனுப்பியிருந்தாள். கோச்சிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டிருப்பார். சொல்லவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்துக்குள் போனான். அவ்வளவு சுத்தமாக அவன் ஆடி வெகுநாள் ஆகியிருந்தது. அதை நினைத்தபோதுதான் மனம் அதிகம் கூசியது.

செருப்பு அடுக்கும் இடத்தில் அக்கா தனியாக அகப்பட்டாள்.

"அக்கா, மாமாகிட்ட நீ சொன்னது..."

"தெரியும்டா." குனிந்து யாருடைய ஷூவையோ திருப்பி வைத்தாள். "நான் அனுப்பினதுக்குப் பக்கத்துல இருந்த 'ஒண்ணு' பன்னண்டு பத்துக்கே போயிடுச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அனுப்பிய செய்தியை மற்றவர் படித்ததும் திரையில் மறைகிற எண் அது. சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"கெளம்பிட்டான், வழியில இருக்கான்னு சொன்னேன். ரெண்டு மணி நேரப் பயணந்தானேன்னு அவங்களும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நாலரை வரைக்கும் அதையேதான் சொன்னேன்."

அவன் வாய் திறப்பதற்குள் அவனுடைய அணி மொத்தமும் வந்துவிட்டது. படத்துக்கு முன் வரிசையாக நின்று இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கினார்கள். கோச் இளம் ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"இவனப் பாத்துக் கத்துக்கங்கடா. இதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு."

பிறகு எல்லோரும் அவனைப் பார்த்து மண்டியிட்டுக் குனிந்தார்கள். பதிலுக்கு அவனும் குனிந்தான், நெற்றி தரையில் பட்டது. அவர்கள் எழுந்துவிட்டார்கள். அவன் எழவில்லை. அழுகிறான் என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். மிர்யோங் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

அவன் கண் காய்ந்துதான் இருந்தது.