ஜன்னலோர மேசை

“குளவிக்கு வீடு கட்ட யாருப்பா சொல்லிக் குடுத்தா?”

பால்பல் விழாத வயதில் மகள் கேட்ட கேள்வி. லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “சாமிதான்” என்றார். “சாமிக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்று அடுத்த கேள்வி வரவே, ஸ்பேனரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

அந்த மகள்தான் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் முதலாண்டை முடித்துவிட்டு, விலங்கியலுக்கு மாறப்போகிறேன் என்று நின்றாள். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“பூச்சியப் படிச்சா யாரு வேலை குடுப்பா?”

“லிஃப்ட்ல எறும்பு புகுந்தா நீங்களே கூப்பிடுவீங்கப்பா.”

சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

விலங்கியல் துறை சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர் விடுவித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அவரோ வாரம் முழுவதும் அவளை அறை வாசலில் நிற்க வைத்தார். உள்ளே ஆளில்லாத நேரத்திலும் கூப்பிடவில்லை. பெற்றவர்கள் நம்பி அனுப்பிய பிள்ளையை இப்படி நிற்க வைக்க ஒரு மனிதனுக்கு எப்படி மனசு வருகிறது? கடவுள் நாற்காலி கொடுப்பது இதற்கா?

வெள்ளிக்கிழமை, வேலை உடையோடு அப்பாவும் வந்தார். தலைவர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“உங்க பொண்ணுக்குப் பாடம் ஏறல. அதான் ஓடப் பாக்குறா.”

“வகுப்புல முதல் மார்க் அவதான் சார்.”

அந்த மனிதர் அவளுடைய மார்க்கைக்கூடப் பார்த்திருக்கவில்லை! முகம் கறுத்ததே தவிர, வருத்தம் தெரிவிக்க வாய் வரவில்லை.

“அப்போ விடவே மாட்டேன். நல்லாப் படிக்கிறவள எதுக்கு விடணும்?”

ஓடினாலும் குற்றம், ஜெயித்தாலும் குற்றம். அப்பாவின் கை முஷ்டியானது.

“சரி, எங்க துறையில ஒரு வழக்கம் உண்டு. லேப் ஜோடி சம்மதிச்சாதான் போகலாம். கூப்பிடுங்க அவள.”

அங்கே ஆய்வகத்தில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். முதலாண்டில் சேர்ந்த ஜோடி படிப்பு முடியும்வரை மாறாது. இவளுடைய ஜோடி, வகுப்பே ‘கொக்கு’ என்று கூப்பிடும் நெட்டைப் பெண். இவள் வாசலில் நின்ற வாரம் முழுவதும் இருவர் வேலையையும் அவள்தான் செய்தாள். அவளுக்கு ஒரே ஒரு பயம், குளவி. அவர்கள் ஜன்னலின் வெளிச்சட்டத்தில் ஒரு மண்கூடு இருந்தது. ஜன்னல் பக்கம் இவள் உட்கார்ந்தால்தான் கொக்கு அதைத் திறக்க விடுவாள். இல்லையென்றால் சாத்திவிட்டு, ஈயம் உருக்கும் சால்டர் புகையில் இருமிக்கொண்டு கிடப்பாள்.

“இவ போயிட்டா எல்லாத்தையும் நீ தனியாத்தான் செய்யணும்” என்றார் தலைவர், வந்து நின்ற கொக்கிடம். “வேற ஜோடி தர மாட்டேன். நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“செய்யறேன் சார்.”

“என்னது?”

“தனியாவே செய்யறேன். பூட்டி வெக்க அவ என்ன லேப் சாமானா சார்? வாரம் பூரா வாசல்ல நிக்க வெச்சீங்க. நாங்களும் பாத்துட்டுப் பேசாமப் போனோம். எனக்கே அசிங்கமா இருக்கு.”

அப்பா தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மேசைமேல் வைத்தார்.

“போடுங்க சார்.”

தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார் தலைவர்.

வெளியே வந்ததும் மகள் வாயைத் திறந்தாள்.

“தேங்க்ஸ் கீங்க்ஸ்னு ஏதாவது சொன்னே, கொன்னுடுவேன்” என்றாள் கொக்கு. “அந்தக் குளவிய நினைச்சாத்தான்டி பயமா இருக்கு.”

திங்கட்கிழமை காலை, பெருக்குகிறவர் கதவைத் திறந்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருந்தார். மகள் ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். தாய்க்குளவி வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு மெல்லிய தகட்டால், உள்ளே உறங்கும் புழுக்களுக்கு அதிர்ச்சி இல்லாமல், மண்கூட்டை அப்படியே பெயர்த்து அட்டையில் ஏந்தினாள். கட்டடத்தின் பின்சுவரில், மழை படாத ஓர் இடுக்கில் அதை வைத்தாள்.

திரும்பி வந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தாள். மணி அடிப்பதற்கு முன், ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.