ரேணுகாதேவியின் கைக்கு அடங்கியது

அருப்புக்கோட்டை பருத்தி வியாபாரிகளுக்கும், அவர்தம் சுற்றத்தாருக்கும், பாளையம்பட்டி டீக்கடைகளில் அமர்ந்து நாட்டைப் பாதுகாத்துவரும் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: பருத்தி மண்டி ரேணுகாதேவிக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டது.

அறிவித்தவர் அவளுடைய கொழுந்தன் சௌந்தரபாண்டியன். இரண்டு வருடத்துக்கு முன் திருச்சுழி ரோட்டில் அவளை மறித்து எவனோ சங்கிலியை அறுத்தான். அன்றிலிருந்து அவள் பருத்தி பார்க்க எந்த ஊருக்குப் போனாலும் இவர் கூடவே வந்து பாதுகாப்புக் கொடுத்தார். பாதுகாப்பு என்றால், அவள் பஞ்சைப் பிரித்துப் பார்ப்பதற்குள் இவர் விலையை முடித்திருப்பார். பருத்தி விளைவிக்கிற சம்சாரிகள் இப்போது போன் போடுவதே அவருக்குத்தான். புருஷன் செத்தபின் பன்னிரண்டு வருடம் தனியாக நடத்திய மண்டி, கண்ணெதிரே கை மாறிக்கொண்டிருந்தது. தனியாகப் போய்வர ஒரு துணை வேண்டும், அது வாய் பேசாததாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டாள்.

மதுரையில் துப்பாக்கிக் கடை. சௌந்தரபாண்டியன் இருப்பதிலேயே பெரிய பிஸ்டலை எடுத்து, இடுப்பில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்தும் பார்த்தார். பிறகு மனமில்லாமல் அவளிடம் கொடுத்தார். கையைத் திருகிப் பிடித்தால்தான் அவள் விரல் விசைக்கு எட்டியது. குண்டேற்றுவதற்கு அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தாள், அசையவே இல்லை.

“ஒங்க கைக்கு இது தோதுப்படாது மதினி. லைசென்ஸு ஒங்க பேர்ல இருக்கட்டும். தூக்கிட்டு வார ஆளா என் பேரச் சேத்துக்கிருவோம். சட்டத்துல எடம் இருக்கு.”

பெரியதை ஏன் எடுத்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தவள், அதை நிறுத்திவிட்டுக் கடைக்காரர் இம்மானுவேல் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, ஏங் கையப் பாத்துட்டு எடுங்க.”

அவர் வளையல் அளவு பார்ப்பவர்போலக் கையைப் பார்த்தார். ஆகச் சிறியதை அவள் காட்டியபோது தலையாட்டி மறுத்தார்: எடை குறைந்தால் சுடும்போது கையில் உதைப்பு அதிகம். கொஞ்சம் கனமாக, பிடி மட்டும் ஒல்லியாக ஒரு ரிவால்வரை எடுத்து வைத்தார். இதில் மேல்பாகத்தை இழுக்கிற வேலை இல்லை. விரல் நுனி தானாக விசையில் உட்கார்ந்தது. குண்டில்லாத துப்பாக்கியைச் சுவரைப் பார்த்து இருபது தடவை அழுத்தினாள்.

“ஒங்களுக்குப் பழக்கமில்லாத வேலை மதினி.”

“பழகிரும் தம்பி. தனியாப் போறதும் இப்பிடித்தான் பழகுச்சு.”

ஊர் திரும்பும் வழியில் காரியாபட்டி தாண்டும்வரை சௌந்தரபாண்டியன் அந்தப் பெரிய பிஸ்டலின் அருமை பெருமைகளையே சொல்லிக்கொண்டு வந்தார்.

துப்பாக்கி வந்த வாரமே தேர்தல் தேதி அறிவித்தார்கள். தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார்கள். ஒப்படைத்து ரசீது வாங்கினாள். சேதி கேட்டதும் சௌந்தரபாண்டியனுக்கு உயிர் வந்தது. மறுநாள் விடிந்ததும் சலவை வேட்டியோடு வந்து, காரைத் துடைக்கச் சொல்லிவிட்டு வாசலில் நின்றார்.

அவள் ஆறு மணி பஸ்ஸில் திருச்சுழி போய்விட்டிருந்தாள்.