சமைத்த நேரம் பத்து மணி

கெட்டுப்போன சோற்றில் முதலில் வாடை தெரியாது. பையை அவிழ்த்ததும் வெதுவெதுப்பாக ஓர் ஈரக் காற்று மூஞ்சியில் அடிக்கும். அதற்குப் பிறகுதான் வாடை. எங்கள் பாடப்புத்தகத்தில் இதைப் போடவில்லை.

பள்ளியின் கடைசி ஆண்டான உயர்நிலை நான்கில் என் பாடங்களில் ஒன்று உணவும் ஊட்டச்சத்தும். எழுத்துத் தேர்வு போக, சொந்தமாக ஓர் ஆய்வும் செய்து கொடுக்க வேண்டும். அதில் சொதப்பினால் நான் ஆசைப்படும் பாலிடெக்னிக் படிப்பு கிடைக்காது. நான் சோம்பேறித்தனமாகத்தான் யோசித்தேன். அப்பா ரகுபதி ஜாலான் புசாரில் கேட்டரிங் நடத்துகிறார். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து பூன் லே தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்யும் ஊழியர்களுக்கு எங்கள் சாப்பாடுதான் போகிறது. அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால் சாம்பிளுக்கு அலைய வேண்டாம்.

"நல்லா எழுது கவி. ஸ்கூல்ல நம்ம கிச்சன் பேரு வரட்டும்" என்றார் அப்பா.

ஜூன் விடுமுறையில் ஒரு நாள் எங்கள் லாரியிலேயே போனேன். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒரே நடைதான். ஆறரை மணிக்கு மதியப் பைகளை வேலையிடத்து வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, தரையில் குவித்தார்கள். சோறு ஒரு பை, சாம்பார் ஒரு பை, முட்டைக்கோஸ் ஒரு பை. எல்லாம் சுடச்சுட ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியவை. விடிவதற்கு முன்னே, மூன்று மணிக்குச் சமைத்தது.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். சாம்பார்ப் பை உப்பியிருந்தது. முட்டைக்கோஸைத் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. சோற்றுக்குள் வெப்பமானியைக் குத்தினேன். முப்பத்து நான்கு டிகிரி. கிருமி பெருக இதைவிட வசதி வேண்டாம். வாயைப் பொத்தியபடி பையைத் திருப்பினேன். அதில் ஸ்டிக்கர் இருந்தது. சமைத்த நேரம் காலை 10.00. பிற்பகல் 2.00 மணிக்குள் உண்ணவும்.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியது நான். வாரா வாரம் சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே காலிப் பைகளில் ஒட்டுவேன். "பத்துன்னு அடிம்மா" என்பார் அப்பா, அடிப்பேன். கோணாமல் ஒட்டுகிறேன் என்று பாராட்டு வேறு வாங்கியிருக்கிறேன். சமைக்காத சோற்றுக்குச் சமைத்த நேரம் எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. சமைத்த உணவை வெளியே வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று வகுப்புத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் நான். என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ருசித்தவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் என்னிடம் இருந்தது. வாடைக்கும் ருசிக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்; ஐந்து என்றால் மிக நன்று. பக்கத்தில் செல்வராஜ் என்ற வெல்டர் உட்கார்ந்திருந்தார். அவர் சாம்பாரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சோற்றைக் குழாயில் மூன்று தடவை அலசி, ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு எப்படிண்ணே இருக்கு?"

"நீங்க மொதலாளி மகதானே?"

"ஆமாண்ணே. உள்ளத எழுதுங்க, பரவால்ல லா."

வாடைக்கு ஐந்து, ருசிக்கு ஐந்து. கையெழுத்தும் போட்டுப் பேனாவைத் துடைத்துத் தந்தார். எனக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது. அது அநியாயம் என்று தெரிந்தேதான் வந்தது.

இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக ஜாலான் புசாருக்குப் போனேன். ருசிப்பவருக்கு எது யார் சமைத்தது என்று தெரியக்கூடாது. தட்டில் எண் மட்டும் இருக்க வேண்டும் என்பது பள்ளியில் சொல்லித் தந்த முறை. எங்கள் கிச்சனில் அம்மா அப்போதுதான் வடித்த சோறு 417. பூன் லேயிலிருந்து வந்தது 826. இரண்டையும் அப்பா முன்னால் வைத்தேன். முகர்ந்தால் போதும் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

826-இல் ஒரு வாய் எடுத்தவர் டிஷ்யூவில் துப்பினார்.

"ச்சீ. இத எங்கம்மா வாங்குன? மனுஷன் திம்பானா இத?"

"எழுதுங்கப்பா."

வாடைக்கு ஒன்று, ருசிக்கு ஒன்று என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பையை எடுத்து ஸ்டிக்கர் தெரியும்படி மேஜையில் வைத்து, ஆய்வுக்காகப் போனில் போட்டோ எடுத்தேன்.

அப்பா ஸ்டிக்கரைப் படித்தார். "லாரி ஒரு நடைதான் போக முடியும். எல்லாக் கேட்டரிங்லயும் இப்படித்தான்" என்றார். பிறகு, "ஸ்டிக்கர் போட்டோவ மட்டும் ஆய்வுலருந்து எடுத்துரும்மா. டீச்சர் எங்கயாவது சொல்லிட்டா லைசன்ஸ் போயிரும். நம்ம வீட்டுச் சோறும் இதுலருந்துதான் வருது."

"அவங்க சோத்தக் கழுவித் திங்கிறாங்கப்பா."

"யாராச்சும் குறை சொன்னாங்களா?"

செல்வராஜின் படிவத்தை நீட்டினேன். காட்டியிருக்கவே கூடாது. அப்பாவின் முகம் தெளிந்தது. "பாத்தியா, சாப்பிடறவனே அஞ்சு போட்டிருக்கான்" என்று தன் படிவத்தை இழுத்து, இரண்டு இடத்திலும் இருந்த ஒன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் ஐந்து ஐந்து என்று எழுதினார். அவர் துப்பிய டிஷ்யூ இன்னும் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"அடிச்சுத் திருத்துனா பக்கத்துல கையெழுத்துப் போடணும்பா. ஸ்கூல் ரூல்."

போட்டார். ரகுபதி என்று முழுசாக, தேதியோடு.

அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்தேன். ஸ்டிக்கர் படத்துக்குக் கீழே அதைச் சேர்த்து, சமைத்த நேரம் விடிகாலை 3.00, ஸ்டிக்கர் ஒட்டியது நான் என்று எழுதி, டீச்சருக்கு அனுப்பிவிட்டேன்.