மேல் இலை

விழுப்புரம் ஜங்ஷன் சாப்பாட்டு அறையில் ஆறு வருஷமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்த லூர்துமேரிக்கு, 1938 மார்கழியில்தான் கரண்டி கைக்கு வந்தது. அதுவும் எட்டு நாளாக. சமையல்காரர் சவுரிராயன் பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றுக்கு ஓடிப்போனதால் வந்த யோகம். ஆனால் மானேஜர் தேவநாதன் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

"பொம்பளைய சமையலுக்கு வெச்சா மேல கேள்வி கேப்பாங்க மேரி. புதன்கெழமை ரயில்வே எஞ்சினீயர் சம்சாரத்தோட சாப்பிட வர்றாரு. அன்னிக்கி ஒரு கொறையும் வராம இருந்தா பாக்கலாம்" என்றார் கடைசியில்.

'பாக்கலாம்' என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் உலகத்தில் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். லூர்துமேரியும் நம்பினாள்.

எஞ்சினீயர் சக்கரபாணி சீமையில் படித்தவர். அங்கே போனவர்களில் சிலர் சுருட்டோடு திரும்பி வருவார்கள், சிலர் வெள்ளைக்காரப் பெண்ணோடு வருவார்கள். இவர் ஒரு காயின் மேல் ஆசையோடு வந்திருந்தார். குளிர்காலம் வந்தால் ஊட்டியிலிருந்து அதை வரவழைத்து, தான் சாப்பிடும் இடத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவைப்பார். புதன்கிழமை காலை பார்சல் வண்டியிலிருந்து அந்தக் கூடையை மாரியப்பன் இறக்கிக்கொண்டு வந்தான். போர்ட்டர் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆனவன்.

"யக்கா, கோசு குட்டி போட்டிருக்குது பாரு" என்று கூடையைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனான்.

முட்டைக்கோசைச் சுருக்கிவைத்தது போல, எலுமிச்சம்பழ அளவில் பச்சைப் பசேலென்று உருண்டை உருண்டையாக இருந்தன. கூடையோடு வந்த சீட்டைத் தேவநாதன் படித்தார். காயின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. சமைக்கும் விதம் மட்டும் தமிழில் இருந்தது: 'மேல் இலையை உரித்துவிட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெண்ணெய் போட்டு வைக்கவும்.'

"அதும்படியே செஞ்சிடு. ஒண்ணு கூட்டாத, ஒண்ணு கொறைக்காத" என்று சொல்லிவிட்டு மேஜை விரிப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

லூர்துமேரி ஒன்றை எடுத்து மேல் இலையை உரித்தாள். அடியில் இன்னோர் இலை இருந்தது. மேலே இருந்தது போய்விட்டதால் இப்போது அதுதானே மேல் இலை? அதையும் உரித்தாள். அதற்கடியிலும் ஒன்று. சீமைக் காய், உள்ளே நுங்கு மாதிரி ஏதாவது இருக்கும் என்று உரித்துக்கொண்டே போனாள். கடைசியில் பட்டாணி அளவுக் குருத்து மிஞ்சியது. அதையும் உரித்தாள், உள்ளே ஒன்றுமே இல்லை.

சரி, இது சொத்தை போலிருக்கிறது என்று அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். பெரிய காயில் இருக்கும் என்று பெரியதாகப் பார்த்து உரித்தாள். அவளுடைய கை வேகம் ஊரறிந்தது. அன்றைக்கு அதுவே அவளுக்கு எமனாக வந்தது. உண்மை உறைத்தபோது முறம் நிறைய இலை குவிந்திருந்தது, கூடை காலியாக இருந்தது.

கையில் வந்த கரண்டி போய்விட்டது என்றே நினைத்தாள். ஆனாலும் ஓர் இலையை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். அகத்திக்கீரை போல லேசான கசப்பு. கசக்கிற கீரையை என்ன செய்வதென்று அவளுக்கா தெரியாது? பஞ்ச காலத்தில் வேலியோரத்து இலையை எல்லாம் வாய்க்கு இணக்கிய கை அது. ஒரு பிடி மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து இடித்தாள். கடுகும் காய்ந்த மிளகாயும் பூண்டும் தாளித்து, இலையைப் போட்டு வதக்கி, துளி வெல்லம் கிள்ளிப் போட்டு, மல்லாட்டைப் பொடியைத் தூவி இறக்கினாள். வேலை போகப்போகிற நேரத்தில் இவ்வளவு பதமாக ஒருத்தி சமைத்தாள் என்றால் அவளைக் கும்பிடத்தான் வேண்டும்.

சாப்பாடு எடுக்க வந்த தேவநாதனிடம் நடந்ததைச் சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

சக்கரபாணியின் மனைவி கிருஷ்ணவேணி திண்டிவனத்துக்காரி, விவசாயக் குடும்பம். கணவரின் காய் வெந்தால் வரும் வாடைக்குப் பயந்து முந்தானையை மூக்கருகில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். வாழையிலையில் வைத்த பொரியலை ஒரு வாய் போட்டதும் முந்தானை தானாக இறங்கியது.

"இது இன்னா கீரைங்க? எங்க ஊர்ப் பக்கம் இப்படி ஒண்ணு பாத்ததே இல்ல. இன்னும் கொஞ்சம் வையுங்க" என்றாள் தேவநாதனிடம்.

சக்கரபாணி எதையும் தொடவில்லை. "என் கூடை எங்க?" என்றார்.

"அது வழியிலயே அழுகிப்போச்சுங்க ஐயா" என்றார் தேவநாதன்.

"யாரு எறக்கினது? கூப்பிடுங்க."

மாரியப்பன் வந்து தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். "நான் எறக்கறப்ப நல்லாத்தாங்க இருந்துச்சி" என்றான்.

"நல்லா இருந்தது நடுவுல எங்க போச்சு? தேவநாதன், இவன் பேரை எழுதிக் குடுங்க. பார்சல் ஆபீஸ்ல விசாரிக்கச் சொல்றேன்."

விசாரணை என்றால் மூன்று மாத ஆளுக்கு வேலை போனது போலத்தான். கதவுக்குப் பின்னால் நின்ற லூர்துமேரிக்கு அது தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கரண்டி தன்னிடம் இருக்கும் என்பதும் தெரியும். அவள் வெளியே வந்தாள்.

"அழுவலைங்க ஐயா. நான்தான் உரிச்சிட்டேன்."

"உரிச்சியா? எல்லாத்தையுமா?"

"மேல் எலைய உரிக்கச் சொல்லி எழுதியிருந்தீங்க. ஒண்ண உரிச்சா அடுத்தது மேல வந்துக்கினே இருந்திச்சி. உள்ள காய் இருக்கும்னு நெனச்சி உரிச்சிக்கினே போய்ட்டேன். அம்மா சாப்பிடுற கீரை அதாங்க."

கிருஷ்ணவேணியின் கை வாய்க்கருகே நின்றது. கையிலிருந்ததை ஒருமுறை பார்த்தாள், பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். "நாலு வருஷமா இதுக்கா பயந்துக்கினு இருந்தேன்" என்று சிரித்தாள்.

சக்கரபாணி சிரிக்கவில்லை. ஒரு வாய் எடுத்து வெகுநேரம் மென்றார்.

"நல்லா இருக்குது. ஆனா இது அது இல்ல" என்றார். "சீமைல முதல் வருஷம் குளிர்ல, கறி மீன் தொடாதவனுக்குன்னு நான் தங்கியிருந்த வீட்டம்மா தட்டுல வெச்சது அது ஒண்ணுதான். எனக்கும் முதல்ல புடிக்கல. அப்புறம் அது இல்லன்னா சாப்பிட்ட மாதிரியே இருக்காது."

எவ்வளவு ஆசையான பொருளைப் பாழாக்கிவிட்டோம் என்று லூர்துமேரிக்கு அப்போதுதான் புரிந்தது. கண் கலங்கியது. "மன்னிச்சிக்குங்க ஐயா" என்றாள்.

"சும்மா இருந்திருந்தா உனக்கு ஒண்ணும் வந்திருக்காதே. ஏன் சொன்ன?"

"நான் உரிச்சதுக்கு அவன் வேலை போவணுமாங்க?"

சக்கரபாணி மாரியப்பனைப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

தேவநாதன் முந்திக்கொண்டார். "நாளைக்கே வேற ஆளப் போட்டுட்றேங்க. பொம்பளை, படிப்பும் இல்ல..."

சக்கரபாணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. லூர்துமேரியைப் பார்த்துத்தான் பேசினார்.

"தை மாசம் அடுத்த கூடை வரும். மேல் எலைன்னா மூணு எலைதாம்மா. அதுக்கு மேல உரிச்சிடாதீங்க."

லூர்துமேரி அப்படியே நின்றாள். ஆறு வருஷமாக அந்தக் கட்டடத்தில் அவளை எல்லாரும் 'வா', 'போ', 'நறுக்கு' என்றுதான் ஏவியிருக்கிறார்கள். 'ங்க' போட்டு யாரும் பேசியதில்லை.

"சரிங்க ஐயா. மூணு" என்றாள். சமையலறைக்குள் போய், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுப்பு முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள்.