முதல் வரி

"இங்க மறுபடியும் அதே எர்ரர்தாங்க," என்றாள் ஆஷிகா போனில். புரோகிராமை வாங்கப்போகும் கோயம்புத்தூர் கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

சரண்யாதேவிக்கு போனைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போலிருந்தது. வண்டியூர் ஆபீசில், அவளுடைய உபுண்டுவில், புரோகிராம் ஒரே மூச்சில் கம்பைல் ஆகிறது. அங்கே ஃப்ரீபிஎஸ்டியில், கம்பைல் செய்யவேண்டிய பில்டு ஸ்கிரிப்ட் தொடங்கிய உடனே விழுந்துவிடுகிறது. இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்களும் யுனிக்ஸ் வம்சம்தான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. கம்பைலரை மாற்றச் சொன்னாள். லைப்ரரிகளை மறுபடி போடச் சொன்னாள். பலனில்லை. இன்று சாயங்காலத்துக்குள் ஓடினால் அடுத்த கட்ட வேலைக்கு அவளே பொறுப்பு. இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். கோயம்புத்தூர் மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"எங்க போனாலும் ஓடும்னு சொன்னீல்ல?" என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற முதலாளி சிவபாண்டி.

"நம்மகிட்ட ஓடுதுண்ணே."

"தொழுவுல துள்ளுற மாடு எதுக்கு ஆகும்? வாடிவாசல்ல படுத்துக்கிருச்சே."

சரண்யா போனுக்குத் திரும்பினாள். "ஆஷிகா, உங்ககிட்ட வந்த ஸ்கிரிப்டையே எனக்குத் திருப்பி அனுப்புங்க," என்றாள். வந்ததைத் திறந்தாள். முதல் வரியில் ஒரு '#'. பக்கத்தில் 'உ'.

"அண்ணே, பிள்ளையார் சுழி போட்டீங்களா?"

"அனுப்புறப்ப போடாம இருப்பேனா? கமெண்டாத்தான போட்டேன். மெசின் அதைப் படிக்காது."

படிக்காதுதான். ஆனால் 'என்னை பேஷ் ஷெல்லிடம் கொடு' என்று, படித்து நிறைவேற்ற வேண்டிய ஆளைச் சொல்லும் குறிப்பு முதல் வரியில் இருந்தால்தான் செல்லும். சுழி அதை இரண்டாம் வரிக்குத் தள்ளியிருந்தது. அவளிடம் இருந்த பிரதியில் சுழி இல்லை; இருந்திருந்தாலும் உபுண்டுவில் எப்படியும் பேஷ்தான். கோயம்புத்தூரில் பேஷ் இருந்தும் கூப்பிட ஆளில்லாமல், வேறொரு ஷெல் எடுத்துப் படித்துத் திணறியிருக்கிறது.

அவள் விளக்கியபோது சிவபாண்டி திரையில் சுழியைத் தொட்டுக் காட்டினார். "அழிச்சிராத. கீழ வேணா போடு."

இரண்டு வரிகளையும் இடம் மாற்றி அனுப்பினாள். திரைப் பகிர்வில் ஆஷிகாவின் சர்வரில் எர்ரர் இல்லாமல் வரிகள் நகர ஆரம்பித்தன. சிவபாண்டியின் போன் அடித்தது. மேனேஜர்.

"ஆமா சார், ஓடுது சார்," என்று சிரித்தார் சிவபாண்டி. "நம்ம பொண்ணுதான் ஒரு வரிய மாத்திப் போட்டிருச்சு. புதுசுல்ல. நாந்தான் பக்கத்துல ஒக்காந்து சரி பண்ணேன்."

சரண்யா எழுந்து போனுக்குக் கை நீட்டினாள். அவர் அதை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நீட்டிய கை அப்படியே நின்றது. திரையில் கோயம்புத்தூரின் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன.