சூடு காட்டின சிப்

பாக்தாத் சினாஆ தெருவில் ஒரு பிள்ளையின் குரலுக்கு விலை இருபத்தைந்தாயிரம் தினார். கஸ்வானின் கடைப் பலகையில் அப்படித்தான் போட்டிருந்தது: செத்த லேப்டாப்பிலிருந்து ஃபைல் எடுத்துத் தர, இருபத்தைந்தாயிரம். கல்யாணப் படமானாலும் சரி, கபருக்குப் போனவன் பேச்சானாலும் சரி, ஒரே ரேட். வாய் உள்ளவர்களுக்கு இருபது.

உம்மு முஹைமின் பேரமே பேசவில்லை. கஸ்வானுக்கு அதுவே முதல் கெட்ட சகுனம். அவள் அபாயாவுக்குள்ளிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து, அதிலிருந்து சிவப்பு விளிம்பு போட்ட லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். வியாபாரி முகத்தை மறப்பான். தான் தள்ளிவிட்ட சரக்கை மறக்கமாட்டான்.

"விளையாடும்போது பேசுறது, கத்துறது எல்லாத்தையும் என் மவன் இதுல பதிஞ்சு வச்சிருக்கான், அபூ ரஃபல். அறுபத்துமூணு இருக்குன்னு அவன் தங்கச்சி, சின்னவ சொல்றா. அவன் போயி நாப்பது நாளும் முடிஞ்சுது. இது கண்ணே முழிக்கமாட்டேங்குது."

"அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும், அக்கா" என்றான் ரஃபலின் அப்பனான கஸ்வான். வாய் தானாகச் சொன்னது.

போன பனிக்காலம் அவள் மகன் முஹைமின் கடைக்கு வந்தபோது கைபேசியில் ஒரு பட்டியலே வைத்திருந்தான். எந்த கிராஃபிக்ஸ் கார்டு, திரை எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை விசிறி என்று பதினொரு கடை ஏறி விசாரித்து வந்தவன். காகிதத்தில் அச்சடித்த எல்லாமே அவனுக்குத் தெரியும். அச்சடிக்காததில்தான் கடைக்காரன் சோறு சாப்பிடுகிறான். அந்த மெஷினின் சிப் ஏற்கெனவே ஒருமுறை செத்தது. சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் அதை வாட்டினால் அடியில் விட்டுப்போன ஈயம் இளகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். சில மாதம் ஓடும். தெருவில் அதற்குப் பெயர் சூடு காட்டுவது. "ஐரோப்பா சரக்குடா, ஒரு கீறல் காட்டு பாப்போம்" என்று கஸ்வான் எட்டு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு முடித்தான். பையும் மவுசும் இனாம்.

மூன்றே மாதத்தில் பையன் திரும்பி வந்தான். விளையாட்டுக்கு நடுவே அணைந்துவிடுகிறதாம். கஸ்வான் அடிமூடியைக் கழற்றி, விசிறியில் அப்பியிருந்த தூசியைக் காட்டினான். பாக்தாதில் தூசி இல்லாத விசிறி ஏது? "மெத்தைமேல வச்சு ஆடியிருக்கே. காத்து அடைச்சு சிப் வெந்துபோச்சு. தப்பு உன்மேல. ரெண்டு லட்சம் ஆகும், ராசா." பையனுக்குக் காதுமடல் சிவந்துவிட்டது.

"அந்த ரெண்டு லட்சத்துக்குத்தான் நஹ்ரவான் செங்கல் சூளைக்குப் போனான்" என்றாள் உம்மு முஹைமின். குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் தாங்கவில்லை. "போவாதடான்னேன். 'நாந்தானம்மா கெடுத்தேன், நாந்தான் சம்பாரிக்கணும்'னான். கல்லு ஏத்தின லாரி, இவன் மேல உக்காந்திருந்தான். கவுந்துருச்சு."

கஸ்வான் திருப்புளியைத் தேடினான். அது கையில்தான் இருந்தது.

"டிஸ்கைக் கழட்டி வேற மெஷின்ல போட்டா வராதான்னு சின்னவ கேக்கச் சொன்னா."

"வராது அக்கா. டிஸ்குக்குப் பூட்டு இருக்கு, சாவி இந்த போர்டுக்குள்ள இருக்கு. போர்டு எழுந்தாத்தான் பூட்டு தெறக்கும்." அவளிடம் அவன் சொன்ன முதல் உண்மை அது.

பேட்டரி அடுப்பு ரொட்டிபோல் உப்பியிருந்தது. கழற்றி எறிந்தான், இனி சுவர்க் கரண்ட்தான் கதி. கடை யூபிஎஸ்ஸை நல்ல விலை கிடைத்ததென்று முந்தாநாள்தான் விற்றிருந்தான். அந்நேரம் அரசு கரண்ட் இல்லை, தெரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் போய் ஜெனரேட்டர்காரனைப் பார்த்துக் கத்தினான்:

"அபூ ஷ்வாரிப்! ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்திராத, உன் மீசைமேல ஆணை!"

"டீசல் ரொம்ப ஊத்தியிருக்கேன்யா! உன் மாமியாரே வந்து உக்காந்தாலும் நிக்காது!" என்று பதில் வந்தது.

சிப்புக்கு மறுபடி சூடு காட்டினான். இந்தத் தடவை விற்பதற்கல்ல. பொத்தானை அழுத்தினான். திரை வெளுத்து, விழித்தது. சின்னவள் எழுதிவிட்ட நாலு எண்களைத் தாய் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பூட்டுத் திறந்தது. சரியாக இருக்கிறதா என்று கஸ்வான் ஒரு பதிவைத் தட்டினான்.

"டேய், பின்னால! பின்னால பாருடா கழுதை! ... யும்மா, ஒரு நிமிசம், வர்றேன்னு சொன்னேன்ல!"

"சோறு ஆறிப்போச்சுடா" என்றாள் அவள், திரையைப் பார்த்து.

கஸ்வான் பென் டிரைவைச் செருகினான். ஒவ்வொரு பதிவும் ஆனைக்கனம். ஒன்று. நான்கு. ஒன்பது. பதினொன்று.

பன்னிரண்டாவது பாதி ஏறும்போது தெருவே ஆர்ப்பரித்தது. "வந்துருச்சு! அரசு கரண்ட் வந்துருச்சு!" எதிர்க்கடைக்காரன் கைதட்டினான். கதவுக்குமேல் இருந்த தானியங்கி மாற்றி, அரசு கரண்ட் வந்த மறுகணமே ஜெனரேட்டரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும் பெட்டி, டக்கென்றது. விளக்கு ஒரே ஒருமுறை கண் சிமிட்டியது. லேப்டாப் இருண்டது.

கரண்ட் போகாமல் காவல் வைத்தான். முப்பது வருடமாகப் போவதற்கு மட்டுமே பயந்த ஊரில், அது வருவதற்கு எவன் காவல் வைப்பான்?

பொத்தானை அழுத்தியும் எழவில்லை. இன்னொருமுறை சூடு காட்டினான். கருகல் வாசனைதான் வந்தது.

"எத்தன கெடச்சுது?" என்றாள்.

"பதினொண்ணு."

அவள் இருபத்தைந்தாயிரத்தை எண்ணி வைத்தாள். அவன் தள்ளினான். "ஒழைச்சியே" என்று மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மெத்தையில வச்சதால இல்லக்கா." கஸ்வான் நோட்டுகளைப் பார்த்தே பேசினான். "சிப் நான் விக்கும்போதே செத்தது. எனக்குத் தெரியும். அவன் எதையும் கெடுக்கல."

அவள் பணத்தை எடுத்து மடித்துக்கொண்டாள்.

"எழுதிக் குடு. அவங்க அப்பன் அவனத் திட்டித்தான் லாரி ஏத்துனான். படிக்கட்டும்."

அந்தத் தாள் அவர்கள் கோத்திரத்துப் பெரியவர்கள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று கஸ்வானுக்குத் தெரியும். உயிருக்கு ஈடு கேட்டு நாற்பது பேர் வீட்டு வாசலில் வந்து உட்காருவார்கள். பில் புத்தகத்தைத் திறந்து, பேர் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கிழித்துக் கொடுத்தான்.

லேப்டாப் ஒன்று: 8,50,000. விற்கும்போதே சிப் செத்தது. தப்பு கடையுடையது. ஒப்படைக்க வேண்டிய பதிவுகள் 63. ஒப்படைத்தது 11. பாக்கி 52.