வெள்ளைப் பூ வந்த கார்

மாமாவின் பழைய காரை வாங்குவதற்கு முன்னால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று நான் சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும் அம்மாவிடம், அடுப்படியில், குரலைத் தாழ்த்தி. மறுநாள் காலையிலேயே உடுமலையிலிருந்து பொங்கியண்ணன் மாமா போன் செய்துவிட்டார்.

"ஏனம்மணி, மாமன் ஊட்டு வண்டிக்கு மெக்கானிக்க வெச்சுப் பாக்கறயாமா?"

மாமா அம்மாவின் ஒரே தம்பி. என்னை மடியில் உட்கார வைத்துக் காது குத்தியவர், கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு என் நெற்றியில் பட்டம் கட்டியவர். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சே கிடையாது. "இல்லீங்க மாமா, சும்மா சொன்னேனுங்க" என்று சமாளித்தேன்.

நான் சரவணம்பட்டியில் குடியிருந்துகொண்டு அன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். காலையில் பஸ், சாயந்திரம் பஸ், அவசரமென்றால் என் கணவர் சசிதருக்கு மனசு வரும்வரை காத்திருப்பு. யாரையும் எதிர்பார்க்காமல் நானே கிளம்பிப் போக வேண்டும், நானே திரும்பி வர வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். அதற்காகவே மெர்சியின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தேன். சீட்டுப் பணத்தையும் கை வைக்காமல் வைத்திருந்தேன்.

அம்மா ஒரு வழி சொன்னாள். குலதெய்வத்திடம் பூ கேட்டுவிடலாம். எங்கள் பக்கம் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூ கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, கார் சாவியை என் கையில் வைத்தார்.

"சாமியே பாத்துச் சொல்லிருச்சு. இனி என்ன மெக்கானிக்கு?"

பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சந்தோஷம் முதல் மேம்பாலம் வரைதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தியது, கார் ஏறவில்லை. பாதி ஏற்றத்தில் நின்று பின்னால் சரிந்தது. பின்னாலிருந்த லாரிக்காரர் என் வம்சத்தையே விசாரித்தார். கருகல் வாடை வேறு. பக்கத்தில் சசிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

புதிதாக ஓட்டுகிறவளின் பாடு இதுதான். வண்டி நின்றால் குறை வண்டியிலா தன்னிடமா என்று அவளுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கோ அதில் சந்தேகமே கிடையாது. மாமாவிடம் சொன்னால், "காலு பழகோணும் கண்ணு. பழகிரும்" என்றார். நானும் விடியலில் எழுந்து காலி ரோட்டில் பழகினேன். மேட்டைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிக்கொண்டேன். எனக்குக் கார் ஓட்ட வராது என்று கடைசியில் நானே நம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பழையபடி பஸ்.

ஒருநாள் வெட்கத்தை விட்டு மெர்சியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"உங்க மேல தப்பே இல்லீங்க மேடம். கிளட்ச் சுத்தமாத் தேஞ்சு கெடக்குது. நேத்து இன்னைக்குத் தேஞ்சதில்லீங்க. நான் ஓட்டுனாலும் மேடு ஏறாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயந்திரம் சசிதரிடம் சொன்னேன்.

"அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்றார். "மாமாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதே. உங்கம்மாவுக்கு இருக்கறது ஒரு தம்பி."

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியாதுன்னே எல்லாரும் நெனச்சுக்கட்டுங்களா?"

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமாவும் கருப்பாத்தாள் அத்தையும் வந்து நின்றார்கள். மருதமலைக்குப் போகலாம், எப்படி ஓட்டுவதென்று நான் காட்டுகிறேன் என்றார் மாமா. எனக்கு உள்ளுக்குள் குஷி. ஓட்டட்டும், மலைப்பாதையில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேரும் கிளம்பினோம். அடிவாரம் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் மாமா காரை நிறுத்தினார். யாரும் இறங்கச் சொல்லவில்லை. அத்தை பாட்டுக்குக் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டாள். அது இருவருக்கும் பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. பிறகுதான் மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அத்தைக்கு மூட்டு வலி" என்றார். "நடக்கச் சொல்லியிருக்காங்க."

மூட்டு வலிக்காரர் மலை ஏறுவதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

முதல் திருப்பத்திலேயே இன்ஜின் அலறியது. கருகல் வாடை அடித்தது. கார் நின்றது. எல்லோரும் இறங்கினோம்.

"அருமையான வண்டியக் கெடுத்துப்போட்டயே அம்மணி" என்றார் மாமா, மெதுவாக, வருத்தத்தோடு. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"இல்லீங்க மாமா, கிளட்ச் முன்னாலயே..."

"வெள்ளப் பூ வந்த வண்டி புவனா" என்றாள் அம்மா. "சாமி பொய் சொல்லுமா?"

சாமி பொய் சொல்லாது. மாமா பொய் சொல்ல மாட்டார். மிச்சம் இருந்தது நான்தான். சசிதரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார். அதற்குள் அத்தை மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. ஏத்தம் வந்தா எப்பவும் எறங்கிக்குவீங்கதானுங்க?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காரப் பத்தி எனக்கென்ன கண்ணு தெரியும்?"

மாமா சாவியை உருவி சசிதரிடம் நீட்டினார். "சரி பண்ணி நீங்களே வெச்சு ஓட்டுங்க மாப்ள. புள்ளைக்கு வேண்டாம். உசுரு முக்கியம்." சசிதர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் பணம், என் கார். லைசென்ஸ் என் கைப்பையில் இருந்தது.

மாமா, அம்மா, சசிதர் மூன்று பேரும் கோயில் பஸ்ஸுக்காக நிழலில் நின்றார்கள். அத்தை மேலே நடக்க ஆரம்பித்தாள். அவர்களோடு நிற்கப் பிடிக்காமல் நானும் பின்னால் போனேன். அடுத்த திருப்பத்தில் அவள் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல காலு வலிக்குங் கண்ணு" என்றாள். "பழகிரும்."